எங்கள் ஓடைக்குப் பாலம் வந்த விதம்

எனக்கு நீச்சல் தெரியாது, ஐயா. ஆனாலும் ஓடையில் தண்ணீர் வந்தால் ஊரே என்னைத்தான் கேட்கும். கரையில் என் தோட்டம். நடுவிலிருக்கும் பாறை எவ்வளவு முங்கியிருக்கிறது என்று பார்த்து ஆழம் சொல்லிவிடுவேன். நான் இறங்கலாம் என்றால் இறங்குவார்கள். ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இருக்கிற எழுமலைக்குப் போக வேறு வழி கிடையாது.

பாலம் கேட்டு மனுக் கொடுத்தே என் செருப்புத் தேய்ந்தது. தாலுகா ஆபீசில் மதுரைக்குப் போ என்பார்கள், மதுரையில் தாலுகாவுக்கே போ என்பார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதே ஓடையைத் தாண்டித்தான் வந்தார், சிரித்துக்கொண்டே. கடைசியாக மதுரை தல்லாகுளம் கலெக்டர் ஆபீசில் ஒரு குமாஸ்தா மட்டும் என்னை உட்காரச் சொல்லி, அன்பாகக் கேட்டார்.

“உயிர்ச்சேதம் ஏதும் உண்டாண்ணே?”

இல்லை என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. வேறொரு ஊரில் ஒரு பிள்ளை போனதும் கலெக்டரே ஜீப்பில் வந்து பாலத்துக்கு உத்தரவு போட்டதைச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். எங்கள் ஊரில் யாரும் சாகாதது என் குற்றம் என்று பட்டது. இத்தனை வருஷமும் சரியாக ஆழம் சொன்னவன் நான்தானே.

பிறகு நன்றாக யோசித்துத்தான் செய்தேன். கிழவன் கிழவி போனால் தாசில்தாரோடு நின்றுவிடும். நிறைமாதக்காரி என்றால் பேப்பரில் வரும்.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மழை. கருத்தக்கண்ணன் பெண்சாதி அன்னக்கொடி ஆஸ்பத்திரிக்குப் போகக் கரைக்கு வந்தாள். புருஷன் மதுரையில் மில் வேலைக்குப் போயிருந்தான். தனியாகத்தான் வந்தாள்.

“பெரியப்பா, தண்ணி எம்புட்டு இருக்கு?”

“முழங்காலுக்குத்தான் தாயி. எறங்கு.”

பாறை முழுக்க முங்கியிருந்தது. அவள் பாறையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். இடுப்பளவு போனதும் நின்று திரும்பினாள். போ என்று கையை அசைத்தேன். போனாள்.

அடுத்த மழைக்குள் பாலம் வந்துவிட்டது. பிள்ளைகள் நனையாமல் பள்ளிக்கூடம் போகின்றன. விடாமல் அலைந்து பாலம் வாங்கிக் கொடுத்தவன் என்று கருத்தக்கண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். வேலை முடியட்டும் என்றுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. இனி அந்தப் பாலத்தை யாரும் எடுத்துப் போக முடியாது.

கொலைகாரன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஊர்க் காரியம் என்றால் நான் தன் வீடு, பிறத்தியார் வீடு என்று பார்க்கிறவன் இல்லை. என் மகள் சீனியம்மாளுக்கும் அப்போது நிறைமாதம்தான். அவளை மட்டும் மழைக்கு முன்பே மதுரையில் என் மைத்துனன் வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தேன்.