பச்சை மூடி, வெள்ளை மூடி

ஒரு டப்பா முப்பது நாள் வரும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று அறுபது கேப்சூல். உள்ளே இருப்பது ஆளிவிதைத் தூளும், பாசியிலிருந்து எடுத்த எண்ணெயைப் பொடியாக்கியதும்தான். உறையைக்கூடத் தாவரத்திலிருந்தே செய்கிறோம். மீன் எண்ணெய் வேண்டாம் என்பவர்களுக்காக எங்கள் கம்பெனி தயாரிக்கும் ஒமேகா அது. தினமும் சாப்பிட்டால் இதயத்துக்கு நல்லது, கண்ணுக்கு நல்லது என்று டப்பாவில் போட்டிருக்கும். நான் தரச் சோதனையில் இருக்கிறேன். எண்ணெய்ச் சத்து காறிப்போயிருக்கிறதா, எடை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. அக்கா என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்ல வரும். வேலையில் பழகிய பழக்கம்.

அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அப்பா அதற்கு முன்பே இல்லை. அக்கா படிப்பை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். என் பள்ளிக்கூடத் துணியிலிருந்து பட்டமளிப்பு விழாவுக்குப் போட்டுக்கொண்டு போன துணிவரை எல்லாம் அவள் தைத்தது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதிலேயே தெரியும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பதை எல்லாம் நகர்த்திவிட வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது.

எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். டீயைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள் அவர்கள் கண்ணெதிரே விழுந்தாள். அவர்கள் மோசமானவர்கள் இல்லை. அவள் எழுந்து உட்காரும்வரை இருந்தார்கள். பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பு மாட்டிக்கொண்டார்கள். டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது. அன்று ராத்திரி அக்கா எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்:

"தொல்லை விட்டுச்சுடி. இனிமே எவனும் வேண்டாம். நீயும் நானும் போதும்."

அவள் அழுதாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வார்த்தையை அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு டாக்டர் மாத்திரையை மாற்றினார். புது மாத்திரை ஒத்துக்கொண்டது. எட்டு வருடம் ஒரு தடவைகூட வரவில்லை. தவறாமல் சாப்பிட வேண்டும், திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும் என்று டாக்டர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

அக்காவைக் கட்டிக்கொண்ட மாமா அவளிடம் திரைச்சீலை தைக்கக் கொடுக்க வந்தவர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஒரு திரைச்சீலையின் அளவைச் சரிபார்க்க நாலு தடவை வந்தார். அக்காவுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. வீட்டில் தனியாகச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"வலிப்பு விஷயத்த அவங்ககிட்ட இப்ப சொல்ல வேண்டாம்டி. ஒரு வருஷம் போகட்டும், நானே சொல்லிடறேன். நீ வாயத் தொறக்காத" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "யார்கிட்ட போய்ச் சொல்றேன் பாரு. நீ எப்பத் தொறந்த?" என்றாள்.

ஒமேகா யோசனையும் அவளுடையதுதான். மாத்திரை அட்டையைப் பார்த்தால் என்ன ஏது என்று கேட்பார்கள். இதை யாரும் கேட்க மாட்டார்கள், ஊரே சாப்பிடுகிறது என்றாள். நான் அவள் மாத்திரையைப் பொடித்து, எங்கள் தூளோடு சேர்த்து, எங்கள் உறையிலேயே நிரப்பிக் கொடுத்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு கேப்சூலையும் தனித்தனியாக எடை போட்டேன். இது சட்டப்படி தப்பு என்று எனக்குத் தெரியும். அதை நான் முதல் நாளே உங்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் புகுந்த வீட்டுக்குப் போவேன். முதல் மாதமே மாமாவின் அம்மாவுக்கு அதன்மேல் கண் விழுந்துவிட்டது. நான் அவரை அத்தை என்று கூப்பிடுகிறேன்.

"தங்கச்சி கம்பெனி சரக்கு, அக்காவுக்கு மட்டும்தானா? எனக்கு முட்டி வலி இருக்கறது யாருக்கும் தெரியாதாக்கும்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அடுத்த மாதம் இரண்டு டப்பா கொண்டுபோனேன். அக்காவுடையதற்குப் பச்சை மூடி. அத்தையுடையதற்கு வெள்ளை மூடி. அதில் எங்கள் கம்பெனி சரக்கு மட்டும்தான். இரண்டும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அத்தைக்கு இரண்டும் ஒன்றுதான். பத்தே நாளில் முட்டி வலி போய்விட்டது, பேப்பர் எழுத்து பளிச்சென்று தெரிகிறது என்றார். ஆளிவிதை அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது. அவர் சொன்னதைக் கேட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நீங்கள் என் வீட்டைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு அறை, ஒரு சமையலறை. அக்கா போன பிறகும் நான் இரண்டு தட்டைத்தான் கழுவி வைத்தேன். தையல் மெஷினை அவள் கொண்டுபோய்விட்டாள். அது இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக இருக்கும். வேலையிலிருந்து வந்து அந்த வெளுப்பில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். யாரிடமும் குறை சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

மூன்றாவது மாதம் போனபோது அக்கா என் வீட்டைக் காலி பண்ணிவிடலாமா என்று கேட்டாள். என் கம்பெனிக்குப் பக்கத்திலேயே பெண்கள் விடுதி இருக்கிறது, விசாரித்துவிட்டேன் என்றாள். "எனக்கும் கவலை இருக்காதுல்ல" என்றாள். நான் சரி என்றேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு மாமாவுக்குச் சாப்பாடு போடப் போனாள். அவள் நடையில் ஒரு வேகம் இருந்தது. எங்கள் வீட்டில் அவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

நான் கோபப்படவில்லை. யோசித்தேன். விஷயத்தைச் சொன்னால் மாமா ஏற்றுக்கொள்வார், அவர் அப்படிப்பட்ட ஆள். ஆனால் கேட்பது வேறு, பார்ப்பது வேறு. பார்த்தவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காவது மாதம் இரண்டு டப்பாவையும் கொண்டுபோன அன்று, கம்பெனியில் முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள் என்று மாமாவிடம் பேச்சை ஆரம்பித்தேன். நானாக அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. யாருக்காவது வலிப்பு வந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பது என்று தரையில் தலையணையை வைத்துக் காட்டினேன். அவர் கவனமாகக் கேட்டார். எத்தனை நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், தூக்கத்தில் வந்தால் எப்படித் தெரியும் என்றெல்லாம் கேட்டார். கண்ணாடிக் கடைக்காரருக்கு இது எதற்கு என்று நான் அப்போது நினைக்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலை அக்கா குளிக்கப் போனாள். மாமா கடைக்குப் போயிருந்தார். அத்தை முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தம் நிற்கவே இல்லை என்று அவர் எழுந்து போயிருக்கிறார். கதவு தாழ் போடவில்லை, உள்ளே அண்டா மட்டும் முட்டுக் கொடுத்திருந்தது. குழாய் வாளியில் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. அவள் முகம் அதில் இருந்தது.

யாராவது பக்கத்தில் இருப்பார்கள் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன்.

எரித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் மாமா என்னை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார்.

"அவ எனக்கு ரெண்டாவது மாசமே எல்லாம் சொல்லிட்டாம்மா. தாழ் போடாதன்னு நான்தான் சொல்லி வச்சேன்" என்றார்.

அப்படியானால் மாத்திரையை நேராகவே சாப்பிட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"கேட்டேன். அந்த டப்பாவ நிறுத்திட்டா தங்கச்சி இங்க வரதுக்குக் காரணமே இருக்காது, கூச்சப்பட்டுக்கிட்டு தனியாவே கெடப்பா, அதனால கொண்டுவரட்டும்னு சொல்லிட்டா."

அவர் இன்னும் ஏதோ சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை.

கேப்சூலில் மருந்து இருந்த விஷயத்தை உங்களிடம் சொன்னவரும் அவர்தான். நீங்கள் வந்து விசாரித்தபோதுதான் அத்தைக்கும் தெரிந்தது. அதிலிருந்து அவர் பேச்செல்லாம் மூடியைப் பற்றித்தான். திங்கட்கிழமை அலமாரியைத் துடைத்திருக்கிறார். இரண்டு மூடியையும் கழற்றிக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போட்டிருக்கிறார். எதை எதில் போட்டோம் என்று ஞாபகம் இல்லை. மாற்றிப் போட்டுவிட்டேன், அவள் மருந்தை நான் தின்றுவிட்டேன் என்கிறார். அந்த வாரம் முழுக்கத் தனக்குத் தூக்கமாக வந்தது, அதுதான் சாட்சி என்கிறார். நீங்களும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறீர்கள். தெரியாமல் நடந்த தவறு, மூடி மாறிப்போனது என்று. டப்பாக்களைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அத்தை மாற்றிப் போட்டாரா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும் என்று சொன்னீர்கள். நானும் அந்த மாதிரி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். முடிவு வர நாளாகும்.

அதுவரை பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கத்தான் நினைத்தேன். அக்காவை நான் கொல்ல நினைக்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர நினைத்தேன். அதில் இப்போதும் எனக்குத் தப்பு தெரியவில்லை.

இன்று காலை மாமா போன் செய்தார். அத்தை தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, நீ வந்து சொன்னால் கேட்பார் என்றார். போனேன். படுக்கையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை.

"உன் அக்காவ நான் கொன்னுட்டேன்டா கண்ணு. உனக்கு இருந்தது அவ ஒருத்திதான். என்னைய ரெண்டு வார்த்தை திட்டிடு" என்றார்.

மாமா தண்ணீர்த் தம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தார். நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை. அவர் கையை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"நீங்க மூடிய மாத்தல அத்தை. மாத்தியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. ரெண்டு டப்பாலயும் வெறும் ஆளிவிதைதான் இருந்துச்சு. இந்த மாசம் நான் மருந்தே போடல."