என் சம்பளம் என்ன என்று கேட்டவர்

பெயர்: ஜனெல் ப்ரூயிட். வயது: 27. தாயார் பெயர்: லொரேட்டா ப்ரூயிட். முகவரி: ஒஹையோ மாநிலம், கார்வர் ஃபால்ஸ், மில் தெரு, சலவைக்கடை மாடி. தொழில்: கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்தில் தொலைபேசி அழைப்பாளர்.

நான் மேற்படி முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். இவ்வூரிலுள்ள தனியார் கல்லூரியில் தகவல் தொடர்பியல் படித்துப் பட்டம் பெற்றேன். வேறு வேலை கிடைக்காததால் அதே கல்லூரியில் ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசி அவர்களைச் சேர வைப்பது என் வேலை. என் படிப்புக் கடனுக்கு என் தாயார் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான்கு வருடமாகத் தவணை கட்டியும் வட்டியால் அந்தக் கடன் வாங்கியதைவிடக் கூடியிருக்கிறது. நான் கட்டத் தவறினால் தாயாரிடம் கேட்பார்கள்.

சென்ற சனிக்கிழமை பெற்றோர் வந்து கல்லூரியைப் பார்க்கும் நாள். காலையில் அரங்கத்தில் காபியும் டோனட்டும் எடுத்து வைத்தேன். அதன் பிறகு சேர்க்கை இயக்குநர் கர்ட்டிஸ் வாண்டிவர் மேடையேறி, எங்கள் துறையில் படித்தவர்கள் முதல் வருடமே சராசரியாக நாற்பத்தெட்டாயிரம் டாலர் சம்பாதிக்கிறார்கள் என்று திரையில் காட்டினார். அப்போது பின்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். அவர் டுவைட் ஹாஸ்டெட்லர் என்பதும், லாரி மெக்கானிக் என்பதும், அவர் மகள் ப்ரென்னா எங்கள் துறையில் இரண்டாம் வருடம் படிக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி ப்ரென்னாவைச் சேர வைத்தது நான்தான்.

அவர், "பழைய ட்ரக்கை வித்தாக்கூட எத்தன மைல் ஓடிச்சுன்னு மறைக்காம சொல்லணும்னு சட்டம் இருக்கு. இதுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வாண்டிவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம், "அவரைக் கூட்டிட்டுப் போய்ப் பேசு. சம்பள எண் எதுவும் வாயில வரக்கூடாது" என்றார்.

அதன் பிறகு நான் அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துச் சென்றேன். கதவை உள்ளிருந்து பூட்டியது நான். அவர் பூட்டச் சொல்லவில்லை. வாண்டிவர் வாசலில் நின்று கேட்பார் என்பதால் பூட்டினேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டார். மூன்றாம் வருடத்துக்கான கடனுக்கு அவர் அடுத்த வாரம் கையெழுத்துப் போட வேண்டும் என்றும், போட்டால் கடன் கூடும், போடாவிட்டால் பட்டமில்லாமல் இதுவரை வாங்கிய கடன் மட்டும் நிற்கும் என்றும் சொன்னார். "நீ இதையேதான படிச்ச? உனக்கு என்ன சம்பளம் வருது, அத மட்டும் சொல்லும்மா" என்று கேட்டார்.

நான் முப்பத்தோராயிரம் என்றேன். மேடையில் சொன்ன கணக்கில் நானும் படித்த துறையிலேயே வேலை பார்ப்பவள் என்று சேர்க்கப்பட்டிருப்பதைச் சொன்னேன். பழைய மாணவர்களிடம் சம்பளம் கேட்டு அழைத்ததும் நான்தான். பதினோரு பேர்தான் பதில் சொன்னார்கள். அதில் ஒருவன் தன் அப்பாவின் கார் விற்பனைக் கடையில் மேலாளராக இருக்கிறான், அவன் ஒருவனாலேயே சராசரி ஏறியது என்றும் சொன்னேன். 

"அப்போ அவ படிப்ப நிறுத்திரட்டுமா? இல்ல முடிக்க விடட்டுமா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். பட்டமில்லாமல் நின்றவர்கள் என்னைவிடக் கஷ்டப்படுவதைப் பார்த்திருக்கிறேன், பட்டத்தோடு நானும் இப்படி இருக்கிறேன் என்றேன். ப்ரென்னா இங்கே முடித்த இரண்டு வருடப் பாடங்களை ஏற்று மூன்றாம் வருடத்தில் சேர்த்துக்கொள்ளும், செலவு குறைந்த அரசுக் கல்லூரி எது என்று வாண்டிவரிடம் கேட்டால் சொல்லமாட்டார், நீங்களே விசாரியுங்கள் என்றும் சொன்னேன். அவர், "ரெண்டு பக்கமும் செவுரு. நடுவுல எம் பொண்ணு" என்றார். குரலை உயர்த்தவில்லை. கண்ணை மட்டும் தொப்பியால் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு கதவு தட்டப்பட்டது. வாண்டிவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஹாஸ்டெட்லர், "நான் தொறக்கட்டாம்மா?" என்றார். நான் வேண்டாம், கொஞ்சம் இருங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன்: கதவைத் திறந்தால் நான் மறுபடியும் அரங்கத்துக்குப் போய் நாற்பத்தெட்டாயிரம் என்று சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் அது வேண்டாம் என்று இருந்தது. பயத்தினால் கதவைத் திறக்காமல் இருந்தேன் [பயம் ஹாஸ்டெட்லர் மீது அல்ல - ஜ.ப்.].

ஹாஸ்டெட்லர் என்னை உள்ளே அடைத்து வைத்திருப்பதாக வாண்டிவர் போலீசுக்குத் தொலைபேசி செய்தது எனக்கு அப்போது தெரியாது. போலீசார் வந்து கூப்பிட்டதும் நானே பூட்டைத் திறந்தேன். அவர்கள் ஹாஸ்டெட்லரைத் தரையில் குப்புறக் கிடத்தி விலங்கு மாட்டினார்கள். அவர், "அந்தக் கை வேணாங்க, தோள்ல ஆபரேஷன் பண்ணது" என்று மட்டும் சொன்னார். நான் அவரை விடுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு வாண்டிவர் என்னைத் தன் அறைக்கு அழைத்து, ஹாஸ்டெட்லர் என்னை அடைத்து வைத்ததாகப் போலீசிடம் சொல்லச் சொன்னார். "உன் ஒப்பந்தம் ஜூன்ல முடியுதுன்னு ஞாபகம் இருக்குல்ல" என்றார். இருக்கிறது என்றேன். தாயார் வீட்டுக்குப் போய் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பவர், சீருடையோடு கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். "என் கையெழுத்துக்காக நீ பொய் சொல்லாத. அது என் கையெழுத்து, நான் பாத்துக்கறேன்" என்றார். அவரால் பார்த்துக்கொள்ள முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஹாஸ்டெட்லர் என்னை மிரட்டவில்லை, தொடவில்லை, அடைத்து வைக்கவுமில்லை. இன்று காலை இந்தக் காவல் நிலையத்துக்கு வருமுன் கல்லூரிக்குப் போனேன், கதவில் என் அலுவலக அடையாள அட்டை வேலை செய்யவில்லை. என் பொருட்களைக் காவலாளி ஒரு பெட்டியில் போட்டு வாசலில் தந்தார்.

மேலே உள்ளது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. "பயத்தினால் கதவைத் திறக்காமல் இருந்தேன்" என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. அதை அடிக்க வேண்டாம், பயம் ஹாஸ்டெட்லர் மீது அல்ல என்று மட்டும் சேர்க்கச் சொன்னேன். அதிகாரி சேர்த்தார். அந்த இடத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, உண்மையானவை.

(ஒப்பம்) ஜனெல் ப்ரூயிட்