கெட்டிப் பனியில் ஓட்டிப் பார்த்தேன்

உங்கள் காவல் நிலையத்துக் காப்பியில் தண்ணீர் அதிகம். எங்கள் பக்கம் காப்பியில் பாலாடைக்கட்டியைத் துண்டு போட்டு ஊறவைத்துத் தின்போம். என் மருமகள் ரிஸ்தென் தெற்கிலிருந்து வந்தவள். முதலில் முகம் சுளித்தாள், பிறகு அவளே எனக்கு வெட்டிப் போட ஆரம்பித்தாள். நல்ல பெண். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நான் சொல்ல நீங்கள் எழுதுவது வேண்டாம். நான் சொல்லாததையெல்லாம் சொன்னதாக எழுதியவர்களைப் பள்ளிக்கூடத்திலேயே பார்த்துவிட்டேன். என் எழுத்து கோணலாக இருக்கும், பொய்யாக இருக்காது.

என் மகன் யொவ்னாவை நீங்கள் பிடித்து வைத்திருப்பது தவறு. ஏரி குறுகும் இடுக்கில் பனி உடைந்து தண்ணீர் தெரிந்த பிறகும் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து இன்ஜின் பனிவண்டி ஓட்டினான், அதனால்தான் அவள் செத்தாள் என்கிறீர்கள். வசந்தத்தில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கடக்கிறோம். சாலை அக்கரையில்தான் இருக்கிறது. முழு வேகத்தில் வந்தால் வண்டி தண்ணீர்மேல் வழுக்கிப் போய் அந்தப் பக்கத்துப் பனியில் ஏறிவிடும். வேகம் விழுந்தால் மூழ்கும். யொவ்னா வேகத்தை விடுகிறவன் இல்லை.

இந்தக் குளிர்காலத்தில் மழை பெய்து பனிமேல் ஐஸ் இறுகிவிட்டது. நாங்கள் மேய்க்கும் கலைமான்களால் அடியிலிருக்கும் பாசியைத் தோண்ட முடியவில்லை. படுத்தது எழுந்திருக்காது. நான் கோடரியால் ஐஸை உடைப்பேன், யொவ்னா வண்டியில் தீவனம் இழுத்து வருவான். ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை. கன்று போடும் காலம் நெருங்கும்போது, தெற்கே சுரங்கத்தில் மெக்கானிக் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றான்.

"கன்னு போடுற வரைக்கும் இருடா," என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"போன வருசமும் இதத்தான் சொன்னீங்கப்பா. எது கன்னு போடும்? எல்லாம் எலும்பும் தோலுமா நிக்குது."

ரிஸ்தென் சிரித்தாள். "நீங்களும் எங்ககூட வந்துருங்க மாமா. அங்க மொறைக்கிறதுக்கு மான் இல்ல, ஆனா அக்கம்பக்கத்துல ஆளுங்க நெறைய இருக்காங்க."

நானும் சிரித்தேன்.

புறப்படும் முன் அவனே வந்து கேட்டான். "ரெண்டு பேரு, சாமான் வேற. தண்ணியில இழுவ பத்தாதுப்பா. கிளட்ச உங்க கையால பாத்துக் குடுங்க."

கிளட்சுக்குள் சின்னச் சின்ன எடைகள் இருக்கும். இன்ஜின் சுற்றச் சுற்ற அவை விரிந்து பெல்ட்டை இறுக்கும். பாரம் இழுக்க இலேசானதைப் போட வேண்டும், அப்போதுதான் இன்ஜின் முழு மூச்சில் சுற்றும். நான் கனமானதைப் போட்டேன். ஸ்பிரிங்கையும் தொய்வானதாக மாற்றினேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். கிளம்பியதுமே வண்டி திணறும், யொவ்னா காதால் கேட்டுத் திரும்பி வருவான், கோபப்படுவான். சரிசெய்கிறேன் என்று நாளைக் கடத்தினால் இடுக்கில் தண்ணீர் இன்னும் அகலமாகிவிடும். அப்புறம் படகு விடும்வரை யாரும் எங்கும் போக முடியாது. அதற்குள் மான்கள் கன்றும் போட்டுவிடும்.

மாற்றிய பின் நானே கெட்டிப் பனியில் ஓட்டிப் பார்த்தேன். எந்த வண்டியைத் தொட்டாலும் ஓட்டிப் பார்க்காமல் கொடுக்கமாட்டேன். பக்கத்து வீட்டு ஹெய்கா பார்த்துவிட்டு, "ஏய் கிழவா, பொண்ணு பாக்கவா போற? வண்டி பூன மாதிரி போகுதே," என்றான்.

உண்மைதான். கனமான எடை போட்டால் கெட்டிப் பனியில் வண்டி மெத்தென்று போகும். ஓட்டுகிறவனுக்குக் குறையே தெரியாது. தண்ணீரில் முழு விசை கொடுக்கும்போதுதான் மூச்சடைக்கும். எங்கள் கரையிலிருந்து இடுக்குவரை கெட்டிப் பனிதான். மெத்தென்று போகிறதா என்று இரண்டாம் தடவையும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

"எப்படிப்பா?" என்றான்.

"நல்லா இழுக்கும்," என்றேன்.

"காப்பிக்குப் போடுற மீதிக் கட்டி அலமாரில இருக்கு மாமா," என்று ரிஸ்தென் வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "பெருசா வெட்டாதீங்க, இருக்கிற பல்லும் போயிரும்."

கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நடுத்தண்ணீரில் இன்ஜின் சத்தம் தாழ்ந்தது. யொவ்னாவுக்கு நீச்சல் தெரியும், நான்தான் கற்றுக்கொடுத்தேன். அவளுக்குத் தெரியாது. வந்த புதிதிலேயே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

கழற்றிய எடைகள் இதோ, மேசைமேல் வைத்திருக்கிறேன். அவன் தங்கிவிட்டால் திரும்ப மாட்டலாம் என்று சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். வண்டியை ஏரியிலிருந்து தூக்கிக் கிளட்சைத் திறந்து பாருங்கள், நான் போட்டவை உள்ளே இருக்கும்.

செய்தது நான். என்னை வைத்துக்கொண்டு அவனை இன்றே விடுங்கள். மந்தையோடு யாரும் இல்லை, மான்கள் கன்று போட ஆரம்பித்துவிட்டன. அவன் திரும்பி வரட்டும் என்றுதான் செய்தேன், அவனும் நீந்தி வந்துவிட்டான். இந்தக் காகிதத்தை அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. புது வண்டி வாங்கினால் கிளட்சைக் கண்டவனிடம் கொடுக்க வேண்டாம், நான் வந்து பார்த்துத் தருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.