முந்நூற்று நாற்பத்தொரு நாள் நின்ற துளி

எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே எழில் வடிவங்கள் எழுப்பிய எங்கள் ஏந்தலே! முப்பத்திரண்டு ஆண்டுகள் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிச் சிதம்பரத்தில் இறங்கி, இக்கல்லூரி வேதியியல் துறையைத் தோளில் சுமந்த பேராசிரியர் பஞ்சநாதன் ஐயா! வணக்கம் சொல்லவே வாய் கூசுகிறது.

துளி என்றால் உருண்டைதான், அதற்கு வேறு உருவம் ஏது என்று பலரும் சிரித்தபோது, மாவினும் நுண்ணிய மணல்துகள்களைத் துளியின் மேல் நெருக்கி நிறுத்தி, நகர இடமின்றி அவை இறுகும்படி செய்து, நீருக்குள் எண்ணெய்த் துளியை முந்திரிப் பருப்பாய் வளைத்துக் காட்டிய வித்தகரே! ஓராண்டு அது வடிவம் மாறாது நின்றால் கட்டுரையை ஏற்போம் என்றது ஆய்விதழ். நாள்தோறும் காலையில் அந்தச் சிறு குப்பியைப் பார்த்து, ஆய்வுக் குறிப்பேட்டில் ‘நிற்கிறது’ என்று ஒரே சொல் எழுதினீர்கள். மூக்குக்கண்ணாடியை மறந்துவந்த நாளில்கூட எங்களில் ஒருவரை இழுத்துவந்து பார்க்கச் சொன்னீர்கள்.

ஓய்வு பெறுவோரின் கருவியைக் கழுவிப் பொட்டிட்டு மேடையில் வைப்பது நம் துறை வழக்கம். பாழாய்ப்போன வழக்கம்! தங்களுக்கு அந்தக் குப்பியைவிட உயர்ந்த கருவி எது என்று முந்நூற்று நாற்பத்தொன்றாம் நாளான நேற்று மாலை அதை எடுத்தோம். வெளிப்புறத்தைக் கழுவிவிட்டு, உள்ளே குறைந்திருந்த நீரை நிரப்ப, சோப்பு நுரை காயாத கையோடு மூடியைத் திறந்தோம். சோப்பு பட்டால் துகள்களின் பிடி விட்டுப்போகும் என்று முதலாண்டு மாணவருக்கே பாடம் நடத்துகிறவர்கள் நாங்கள்! குங்குமம் குழைத்துவிட்டுத் திரும்பினால், துளி உருண்டையாகிக் கிடந்தது.

தாங்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உதவிப் பேராசிரியர் சிந்துஜாவிடம், “எத்தினி நிமிஷத்துல உருண்டையாச்சும்மா? யாராச்சும் பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டீர்கள். “பாக்கல சார், பொட்டு வச்சிக்கிட்டு இருந்தோம்” என்று அவர் அழுதார். குறிப்பேட்டைத் திறந்தீர்கள், எதுவும் எழுதாமல் மூடினீர்கள்.

இன்று மாலை ஆய்வகச் சாவியை ஒப்படைக்கிறீர்கள். தங்கள் இடத்துக்கு ஆள் போடவில்லை. அறை விடைத்தாள் கிடங்காகப் போகிறது. இன்னோர் ஆண்டை எங்கிருந்து கொண்டுவந்து தருவோம்! மேடையில் மாலையோடு அமர்ந்திருக்கும் தங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல், தாளைப் பார்த்தே படிக்கிறோம்.

நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழுங்கள் ஐயா! ஆனால் நாளைக் காலை முதல் தாங்கள் எழுந்து பார்ப்பதற்கு என்ன மிச்சம் வைத்தோம்?

தலைகுனிந்து,
சிந்துஜா, ஆரோக்கியராஜ்
மற்றும் வேதியியல் துறையினர்,
சிதம்பரம்.