பெத்தம்மாள் டீச்சரின் செவ்வாய்க்கிழமைப் பாய்

இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் பள்ளியின் கிழிசல்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தையலால் இணைத்து, இன்று ஓய்வு பெறும் தையல் ஆசிரியை பெத்தம்மாள் அம்மையீர்! ஊசியை மட்டுமே குத்தவிட்டு, சொல்லால் ஒரு பிள்ளையையும் குத்தாதவரே! உங்களை வணங்குகிறோம்.

யுத்த காலத்தில் துணி கிடைக்காதபோது, தறி வீடுகளில் மிஞ்சிய நூல்துண்டுகளைச் சேர்த்து வகுப்பு நடத்தினீர்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய திருச்சுழி பஸ் பாதி வழியில் நின்றால் மீதியை நடந்தே வந்தீர்கள். இவையெல்லாம் ஊரறிந்தவை. ஊரறியாத ஒன்று, உங்கள்மேல் ஒருவர் கொண்ட பொறாமை. அவர் நம் அறிவியல் ஆசிரியை மாரிக்கனி. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம்.

நெசவாளர் வீட்டுப் பெண் சௌடேஸ்வரி பத்து வயதில் இங்கே வந்தாள். பேச மாட்டாள். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். இப்படியே போனால் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றார் தலைமையாசிரியை. பட்டம் வாங்கிய கையோடு வந்திருந்த மாரிக்கனி, அவளைத் தானே பேசவைப்பதென்று மனத்துக்குள் உறுதி பூண்டார். காந்தம் காட்டினார். கண்ணாடிப் பட்டகத்தில் ஒளியைப் பிரித்துக் காட்டினார். அவள் சுவரைப் பார்த்தாள்.

நீங்களோ செவ்வாய் பிற்பகல் தையல் வகுப்பில் உங்கள் பாயில் ஓர் ஓரத்தை விட்டு, ஒரு பெட்டி நூல்துண்டுகளை வைத்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் நூல்களை வரிசையாக அடுக்கத் தொடங்கினாள். மணி அடித்தது. அவள் நிமிரவேயில்லை.

மாரிக்கனிக்குப் பொறுக்கவில்லை. செவ்வாய் பிற்பகல்தோறும் ஏதாவது சாக்கில் தையல் வகுப்பின் சன்னல் பக்கம் வந்துபோனார். “என்னம்மா, ஊசியத் தொலைச்சுட்டீகளா? வாரம் தவறாம தேடுறீக?” என்று கணக்கு ஆசிரியை ராமலட்சுமி சீண்ட, முகம் சிவந்து நடையைக் கட்டினார்.

ஒரு செவ்வாய், பிற்பகல் இடைவேளையில் யாருமில்லாத வகுப்புக்குள் போனார். பாயில் சிவப்புக்கு அடுத்து நீலம், அப்புறம் பச்சை, மறுபடியும் சிவப்பு. பிள்ளை தவறாக அடுக்கியிருக்கிறாள் என்று எண்ணி, வானவில்லின் நிறவரிசைப்படி மாற்றி வைத்தார். அவள் பார்த்துச் சிரிப்பாள் என்று காத்திருந்தார். சௌடேஸ்வரி வந்தாள், பார்த்தாள். அந்த அலறல் தெருமுனை வரை கேட்டது.

தலைமையாசிரியை விரைந்து வந்தார். “என் வகுப்புல நடந்தது, என் தப்பு. பிள்ளைய அனுப்பிராதீக” என்றீர்கள் நீங்கள். பிறகு மாரிக்கனியிடம், “ஏம்மா, ஒன் மேசைய நான் அடுக்கி வச்சா ஒனக்கு எப்படி இருக்கும்?” என்று மட்டும் கேட்டீர்கள்.

“அவ எந்த முறையில அடுக்குறா, டீச்சர்?”

“தெரியாதும்மா. நான் கேட்டதில்ல.”

எட்டு மாதம் பக்கத்திலிருந்தும் கேட்காமல் இருக்க முடிந்ததே, அதுதான் மாரிக்கனியை எல்லாவற்றையும்விட எரிச்சல்படுத்தியது. அடுத்த வாரம் முதல் அவரும் பாயின் மறு ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். எதையும் தொடாமலிருக்கக் கைக்கு எவ்வளவு வேலை என்று அப்போதுதான் தெரிந்தது அவருக்கு.

நீங்கள் போனபின் அந்தப் பிள்ளை இங்கே இருப்பாளா என்பதே எங்கள் எல்லோருக்கும் கவலை. சென்ற செவ்வாய், பென்ஷன் காகிதங்களுக்காக நீங்கள் விடுப்பில் இருந்தீர்கள். சௌடேஸ்வரி உங்கள் இடத்தைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். தாழ்வாரத்தில் தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். மாரிக்கனி வாய் திறக்கவில்லை, கைகளை மடியிலிருந்து எடுக்கவுமில்லை. வெகுநேரம் கழித்து அவள் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். சிவப்பு, நீலம், பச்சை, மறுபடியும் சிவப்பு. மணி அடித்தது. தலைமையாசிரியை சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

அம்மையீர்! கண்ணொளி குன்றாமல், ஊசியில் நூல் கோக்கப் பிறர் உதவி தேடாமல், நூறாண்டு வாழ்க! எந்நாளும் இப்பள்ளிக்கு வருக! செவ்வாய் பிற்பகல் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்பது மாரிக்கனியின் வேண்டுகோள். உங்களைக் கண்டால் அந்தப் பிள்ளை பாயைவிட்டு எழுந்து உங்களிடம் வந்துவிடுவாள்.

அருப்புக்கோட்டை,
மார்ச் 1948

உங்கள் பாயைச் சுருட்டாமல் வைத்திருக்கும்
பள்ளி ஆசிரியைகள்