கொக்கி படாத பை

எங்கள் வீட்டில் பால் உறையைக் கழுவிக் காயவைக்காமல் எறிந்ததில்லை. என் மனைவி ரத்தினம்மாள் அதில் கண்டிப்பானவள். ஆய்வாளர் அவர்களே, நீங்கள் பையைப் பற்றிக் கேட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பின்னாலிருக்கும் எங்கள் நான்கு தெருக்களுக்கு மறுசுழற்சிக் கூடம் வேண்டும் என்று முதலில் முழங்கியவன் நான். அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. காலியாகக் கிடந்த மோட்டார் கொட்டகை ஒன்றைக் கேட்டு வாங்கி, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் தனித்தனித் தொட்டி வைத்தேன். 'சாதி பிரிக்கத் தெரிந்த நமக்குக் குப்பை பிரிக்கத் தெரியாதா?' என்று பன்னிரண்டு தெருமுனைக் கூட்டங்களில் கேட்டேன். இரண்டாயிரம் துண்டறிக்கை அச்சிட்டேன். மக்கள் கைதட்டினார்கள். பிறகு வீட்டுக்குப் போய், மிஞ்சிய குழம்பைக் காகிதத் தொட்டியில் கொட்டினார்கள். மூன்றே மாதத்தில் கொட்டகைக்காரர் சாவியைத் திருப்பிக் கேட்டார்.

அப்போது சொர்ணத்தை அழைத்து வந்தேன். தெருவில் காகிதம் பொறுக்கிக்கொண்டிருந்தவளை அழைத்து வந்தவன் நான்தான் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அவள் பேசவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உட்கார்ந்து, அந்த வீட்டம்மாவின் கண்ணெதிரே குப்பையைப் பிரித்தாள். ஒரே ஒரு பால் உறையை அவர்கள் குழாயிலேயே கழுவி, அவர்கள் கொடியிலேயே மாட்டிவிட்டுப் போனாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வீட்டம்மாவே மாட்டினாள். ஆறு மாதத்தில் நான்கு தெருக் கொடிகளிலும் பால் உறைகள் ஆடின. கூடம் சொந்தக் காலில் நின்றது.

நான் வேண்டியதும் அதுதான். மகிழ்ச்சி என்றே எல்லோரிடமும் சொன்னேன்.

ஒருமுறை அவள் கிருஷ்ணகிரிக்குப் போயிருந்தபோது நானே வண்டி தள்ளிச் சென்றேன். இரண்டாம் தெருச் சந்திரம்மா பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"பேடண்ணா, வேணாம். சொர்ணம் வரட்டும், அவ கையிலயே குடுக்கறேன். உங்க கையில குடுத்தா அதுக்கும் ஒரு ஸ்பீச் கேக்கணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். என் கூடத்தைச் 'சொர்ணம் கூடம்' என்று அவர்கள் அழைப்பதை அன்றுதான் அறிந்தேன்.

ஊரிலிருந்து திரும்பிய சொர்ணம் காகிதக் கட்டுகளைக் காட்டினாள். "ஐயா, இந்த மாசம் எடைக்கு ஒஸ்தி உங்க நோட்டீசுதான். ஒண்ணுகூடக் கசங்கல பாருங்க." அவள் அதைப் பாராட்டாகவே சொன்னாள்.

அவளிடம் ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. பிளேடுக்கும் உடைந்த பல்புக்கும் பயந்து எந்தப் பையையும் கொக்கியால் கிளறிய பிறகே உள்ளே கையை விடுவாள். எங்கள் பை மட்டும் விதிவிலக்கு. அது என் பழைய கூட்டப் பதாகையில் ரத்தினம்மாள் தைத்தது. சிவப்புத் துணி, 'தோழர்களே' என்பதில் பாதி இன்னும் அழியவில்லை. புதிதாக வேலைக்கு வந்த பெண்ணிடம் சொர்ணம் சொன்னது என் காதில் விழுந்தது: "ஐயா வூட்டுப் பைக்குக் கொக்கி எதுக்குடி? இதெல்லாம் சொல்லிக் குடுத்தவரே அவருதானே."

ஒரு தனியாளை நம்பி நிற்கும் இயக்கம் இயக்கமே அல்ல என்று மேடைதோறும் சொல்லியிருக்கிறேன். அவள் பத்து நாள் வராமலிருந்தால், அவளில்லாமலும் கூடம் நிற்கும் என்பதைத் தெரு உணரும். ஆகவே ஒரு புட்டியை உடைத்தேன். கழுவிக் காய்ந்த பால் உறைகளுக்குள் சில்லுகளைச் செருகி, பையில் அழுத்தி அடுக்கினேன். அதற்கு முன் மூன்று நாள் அந்தச் சில்லுகளைச் சாக்கடை நீரில் ஊறவைத்திருந்தேன். பத்து நாள் ஓய்வுக்கு ஊறவைப்பது எதற்கு என்று நீங்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நான் அதை யோசித்துப் பார்த்ததில்லை.

சில்லு கிழித்த அவள் கையில் விஷம் ஏறிவிட்டது. வலக்கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். "ஐயா வூட்ல தெரியாம விழுந்திருக்கும்" என்று மருத்துவமனையில் வந்து பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தெருக்காரர்கள் யார் வண்டிக்கும் பை தரவில்லை. கொடிகள் காலியாயின. இரண்டு மாதத்தில் கூடத்தைப் பூட்டினோம்.

பின்கட்டில் நான் மூடி வைத்திருந்த வாளியையும் அந்தப் பையையும் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவள் ரத்தினம்மாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. எதையும் கழுவாமல் விடாதவள் அவள்.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பூட்டுவதற்கு முந்தைய ஞாயிறு, சொர்ணத்துக்கு ஆதரவாக ஒரு கூட்டம் நடத்தினேன். உழைப்பவரின் கையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். என் வாழ்நாளின் சிறந்த உரை அது. கூட்டத்தில் யாரும் அசையவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சொர்ணம் மட்டும், கண்ணீரோடு, இடக்கையால் தன் தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த உண்மையான கைதட்டல் அதுதான்.