ஸ்குரூவைப் பார்த்தவள்

"நாடகம் சூப்பரா இருந்துச்சு. ஆனா நடிச்சவளுக்கு ஸ்குரூ முறுக்கத் தெரியல."

ஒரகடத்திலிருந்து குன்றத்தூர் திரும்பும் கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் யூனிஃபார்மோடு இரண்டு பெண்கள். பேசியவள் ஜன்னலோரத்தில் இருந்தாள்.

"ஒரே பொண்ணு, பத்து நிமிஷம் தனியா பேசுறா. நம்மள மாதிரி கம்பெனி லைன்ல நின்னு ஸ்குரூ முறுக்குறவ கதை. பேச்சு அப்படியே நம்ம பேச்சு. ஆனா ஸ்குரூவப் பாத்துக்கினே முறுக்குறா. நாம எங்க பாக்குறோம்? முடிஞ்சதும் எழுதுனவங்ககிட்டயே சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"அடுத்த வாரம் நீயே வந்து நடின்னாங்க. சரின்னுட்டேன்."

"சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். நானே கூப்பிடப் போறேன். பத்து நிமிஷம் நான் மட்டும்தான் பேசுவேன். அவரு வாயத் தெறக்காம உக்காந்து கேக்கட்டும்."